ஆர்டர் இருக்கு, காசு இல்லை: சிறு நிறுவனங்களில் கணக்கு யாருக்குத் தெரிய வேண்டும்?

மாதம் 5-ம் தேதி. இரண்டு ஷிஃப்ட்டும் மெஷின் ஓடுகிறது. வாசலில் டெம்போ லோடுக்குக் காத்திருக்கிறது. சூப்பர்வைசர் அடுத்த வாரத்துக்கு ஆள் போதாது என்று புலம்புகிறார். கண்ணாடி அறைக்குள் முதலாளி மட்டும் ஒவ்வொரு கஸ்டமராகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். 7-ம் தேதி சம்பளம் போட வேண்டும். வங்கியில் ஓடி லிமிட் விளிம்பில் நிற்கிறது.

வெளியே இருக்கும் 18 பேருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: "கம்பெனிக்கு நல்ல வேலை இருக்கு." உள்ளே இருக்கும் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும், கையில் காசு இல்லை என்று.

இது ஏதோ ஒரு கம்பெனியின் கதை இல்லை. கோவை குறிச்சி சிட்கோ, ஓசூர், அம்பத்தூர், திருப்பூர் என்று சிறு யூனிட்டுகள் நெருக்கி நிற்கும் எந்த ஊரிலும் மாதத்தின் முதல் வாரத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இதற்குத் தீர்வாக வழக்கமாகச் சொல்லப்படுவது கடன்: இன்னும் கொஞ்சம் லிமிட், இன்னொரு முத்ரா, இன்னொரு தனியார் ஃபைனான்ஸ். ஆனால் அந்தக் காசு எங்கே மாட்டிக்கொண்டது என்று தேடிப் போனால், பல நேரம் அது கண்ணாடி அறைக்கு வெளியே எடுக்கப்பட்ட சின்னச் சின்ன முடிவுகளில் போய் நிற்கும். அந்த முடிவுகளை எடுத்தவர்களுக்கு அது காசு பற்றிய முடிவு என்பதே தெரிந்திருக்காது.

லாபம் வேறு, காசு வேறு

ஒரு உதாரணக் கணக்கு. சிஎன்சி மெஷின் வைத்து பம்ப், வால்வு பாகங்கள் செய்யும் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.20 லட்சத்துக்கு பில் போடுகிறது. மூலப்பொருள் ரூ.9 லட்சம், சம்பளம் ரூ.4.2 லட்சம், கரண்ட் ரூ.1.6 லட்சம், டூல்ஸ் மற்றும் வண்டி வாடகை ரூ.1.2 லட்சம், கட்டட வாடகை ரூ.80 ஆயிரம், வங்கி வட்டி ரூ.1.2 லட்சம். ஆக மொத்தம் ரூ.18 லட்சம். மிச்சம் ரூ.2 லட்சம், அதாவது 10 சதவீத லாபம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதில் மெஷின் கடனுக்கான அசல் தவணை இன்னும் வரவில்லை. அது லாப நட்டக் கணக்கில் செலவாகக் காட்டப்படாது. ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் போய்விடும். அது ரூ.1.4 லட்சம் என்றால் கையில் நிற்பது ரூ.60 ஆயிரம். முதலாளி வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், வருமான வரி எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். இருபது லட்சம் பில் போடும் கம்பெனியில் மிச்சம் அறுபதாயிரம் என்று ஷாப் ஃப்ளோரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "சும்மா சொல்றாருங்க" என்பார்கள். நம்பும்படி இதுவரை யாரும் அவர்களிடம் எதையும் காட்டியதில்லை.

இனி கஸ்டமர் 75 நாளில் பணம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மாதம் ரூ.23.6 லட்சம் பில். 75 நாள் என்றால் இரண்டரை மாத பில், அதாவது ரூ.59 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். அதே பணம் 45 நாளில் வந்தால் வெளியே நிற்பது ரூ.35.4 லட்சம். வித்தியாசம் ரூ.23.6 லட்சம். அந்தத் தொகையை 11 சதவீத வட்டிக்கு ஓடியில் எடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ.2.6 லட்சம் வட்டி. ஒரு மாத லாபத்துக்கும் மேல், வெறும் காத்திருப்புக்காகப் போகிறது.

ஜிஎஸ்டி இந்த இறுக்கத்தை இன்னும் கூட்டுகிறது. சப்ளை செய்து பில் போட்டால் வரி கட்ட வேண்டும். கஸ்டமர் காசு கொடுத்தாரா என்பது அதற்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர் என்றால் அடுத்த மாதம் 20-ம் தேதி கெடு. மேலே சொன்ன யூனிட்டில் உள்ளீட்டு வரியைக் கழித்த பிறகும் ஏறக்குறைய ரூ.1.75 லட்சம் கட்ட வேண்டிவரும். அந்த மாத லாபத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை, கஸ்டமரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வருவதற்கு முன்னால் வெளியேறிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் மாசக் கடைசி டிஸ்பேட்ச் என்ற பழக்கத்தைக் கவனிக்க வேண்டும். டார்கெட்டை எட்ட வேண்டும் என்று சேல்ஸ் ஆள் நெருக்க, 30-ம் தேதி இரவு ஓவர்டைம் போட்டு லோடு கிளம்புகிறது. கஸ்டமர் ஸ்டோரில் அது 3-ம் தேதிதான் இன்வேர்டு ஆகிறது. அதற்கான ஜிஎஸ்டியோ ஒரு மாதம் முன்னதாகவே விழுந்துவிடுகிறது. சரக்கு கிளம்பிய நாளில்தான் பில் போட வேண்டும் என்பது சட்டம். அதில் விளையாடக் கூடாது. ஆனால் ஓவர்டைம் கொடுத்து 30-ம் தேதி கிளப்புவதா, சாதாரண ஷிஃப்ட்டில் 2-ம் தேதி கிளப்புவதா என்பது நியாயமான வியாபார முடிவு. கஸ்டமர் அவசரப்படுத்தினால் முதல் வழி. அவசரம் இல்லையென்றால் இரண்டாவது வழி. இன்று அந்த முடிவை எடுப்பது சேல்ஸ் ஆளும் சூப்பர்வைசரும். 20-ம் தேதி என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியாது.

வாசல் கையெழுத்தில் ஓடும் சட்டம்

சிறு நிறுவனங்களுக்குப் பணம் காலத்தோடு கிடைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

2023-ம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கு ஒரு பல்லையும் கொடுத்தது. வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறித்த நாளுக்குள் பணம் தராத நிறுவனம், அந்தக் கொள்முதலை உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். அதுவரை அந்தத் தொகை லாபமாகக் கருதப்பட்டு வரி விழும்.

பல் இருக்கிறது, ஆனால் எல்லா மாதமும் கடிக்காது. மே மாத பில்லை டிசம்பரில் கொடுத்தாலும் அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டதால் வருமான வரியில் பாதிப்பு இல்லை. மார்ச் 31-ல் கெடு தாண்டி நிற்கும் பாக்கிக்குத்தான் அடி விழும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த விதி வந்ததுமே, சில பெரிய வாங்குபவர்கள் பதிவு செய்த சிறு நிறுவனங்களைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள் என்ற புகார் தொழில் அமைப்புகளிடமிருந்து எழுந்தது. வட்டி கேட்டு வசதியாக்க மன்றத்துக்குப் போகச் சட்டம் வழி வைத்திருந்தாலும், "அப்புறம் அடுத்த ஆர்டர் வராதுங்க" என்ற பயம் சட்டத்தைவிடப் பெரியது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

இருந்தாலும் மன்றத்துக்குப் போகாமலேயே இந்தச் சட்டத்தின் பலனில் ஒரு பங்கை எடுக்க முடியும். அதற்கு கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பது தெரிய வேண்டும். பில் தேதி முக்கியமல்ல. சரக்கு டெலிவரி ஆகி ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளே கணக்கு. டெலிவரி ஆன 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். ஆட்சேபம் சொல்லியிருந்தால், அது சரிசெய்யப்பட்ட நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும்.

இப்போது கம்பெனிக்குள் திரும்பிப் பாருங்கள். டெலிவரி நாளுக்குச் சாட்சி, சலானில் கஸ்டமர் ஸ்டோர்காரர் போடும் கையெழுத்தும் சீலும். அதை வாங்க வேண்டியவர் டெம்போ டிரைவர் அல்லது டிஸ்பேட்ச் பையன். பல இடங்களில் அந்தச் சலான் டேஷ்போர்டிலேயே கிடந்து மஞ்சளாகிவிடும். ரிஜெக்ஷன் மெயில் வந்தால் பதில் போட வேண்டியவர் குவாலிட்டி ஆள். அவர் நாலு நாள் தள்ளிப்போட்டால், பணம் வரும் நாளும் நாலு நாள் தள்ளிப்போகிறது. உத்யம் பதிவு எண்ணையும், தாங்கள் குறு அல்லது சிறு நிறுவனம் என்பதையும் பில்லில் அச்சடிக்க வேண்டியவர் அக்கவுண்ட்ஸ் பெண். எழுத்துபூர்வ ஒப்பந்தத்தில் '90 நாள்' என்று போட்டாலும் சட்டம் 45-க்கு மேல் ஏற்காது என்று பேச வேண்டியவர் சேல்ஸ் ஆள். முதலாளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த நாலு இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது.

யாருக்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் புதிய வரம்பு: முதலீடு ரூ.2.5 கோடிக்குள், விற்பனை ரூ.10 கோடிக்குள் என்றால் குறு நிறுவனம். முதலீடு ரூ.25 கோடி, விற்பனை ரூ.100 கோடி வரை சிறு நிறுவனம். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பணப் பாதுகாப்பு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு பெறலாம். ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

இன்னொரு வழி டிரெட்ஸ். ரிசர்வ் வங்கி அனுமதியுடன் இயங்கும் இந்த மின்னணுத் தளங்களில் பில்லை ஏற்றி, வாங்கியவர் ஒப்புக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டு அந்த பில்லுக்கு முன்கூட்டியே பணம் தரும். பிறகு வாங்கியவர் பணம் தராமல் போனாலும் சிறு நிறுவனத்தின் தலையில் அது விழாது. ரூ.250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. சேர்ந்திருக்கிறார்கள் என்பதற்காக எல்லா பில்லையும் ஒப்புக்கொள்வார்கள் என்று அர்த்தமில்லை. கேட்டுப் பார்க்கவே பல சிறு நிறுவனங்களில் ஆள் இல்லை என்பதும் உண்மை.

"அவங்களுக்குக் கணக்கெல்லாம் புரியாதுங்க"

முதலாளிகளிடம் இதைப் பேசினால் முதலில் வரும் பதில் இதுதான். பத்தாவது, ஐடிஐ படித்த பையனுக்கு லாப நட்டக் கணக்கு எப்படிப் புரியும்?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1989-ல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. வாரம் தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, குழுவுக்குள் கடன், ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவது, கணக்கு நோட்டு ஆகிய ஐந்தும்தான் இக்குழுக்களின் அடிப்படை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் கூட்டத்தில் கணக்கை வாசிக்கிறார்கள். யார் எவ்வளவு பாக்கி என்பது எல்லோர் முன்னிலும் சொல்லப்படுகிறது. வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போடுவது ஊக்குநரும் பிரதிநிதியும். அந்தப் பொறுப்புக்கும் ஆள் மாறுகிறது.

அதாவது, ஒரு மெஷின் ஆபரேட்டரின் வீட்டில் அவர் மனைவி வாராவாரம் பதினைந்து பேர் முன்னால் வரவு செலவு வாசித்துக்கொண்டிருக்கலாம். அதே குடும்பத்தில் காலையில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு வேலைக்கு வருபவருக்கு ஒரு பீஸ் செய்ய எவ்வளவு செலவாகிறது என்று யாரும் சொன்னதில்லை. இதைப் புரியாமை என்று சொல்ல முடியாது, சொல்லாமை.

சொல்லும்போது ஆடிட்டர் மொழியில் சொன்னால் புரியாது என்பது வேறு விஷயம். பேலன்ஸ் ஷீட்டை நீட்டினால் எம்.காம் படித்தவரே முழிப்பார். ஆபரேட்டருக்கு வேண்டியது ஒரு எண். ரூ.400-க்கு விற்கும் பீஸில் செலவு ரூ.360, லாபம் ரூ.40. ஒரு பீஸ் முழுசாக ரிஜெக்ட் ஆனால், அந்த ரூ.360-ஐ எடுக்க ஒன்பது நல்ல பீஸ் ஓட வேண்டும். கறாராகப் பார்த்தால் ஸ்கிராப் விற்ற காசைக் கழிக்க வேண்டும். வாடகையும் சம்பளமும் எப்படியும் ஆகும் செலவு என்று வாதிடலாம். இருக்கட்டும். ஷிஃப்ட்டில் நாலு ரிஜெக்ஷன் என்றால் முப்பத்தாறு பீஸ் உழைப்பு என்பது மெஷின் முன்னால் நிற்பவருக்கு உடனே உறைக்கும்.

சேல்ஸ் ஆளுக்கு வேண்டிய எண் வேறு. 10 சதவீத லாபத்தில் ஓடும் கம்பெனியில் 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் போவது பாதி லாபம். ரூ.20 லட்சம் ஆர்டரை ரூ.19 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டால் மிஞ்சுவது ரூ.1 லட்சம். அதே ரூ.2 லட்சம் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். "அஞ்சு பர்சன்ட்தானே சார்" என்று ஆர்டரோடு சிரித்துக்கொண்டு வருபவருக்கு இதை யாராவது ஒரு முறை காகிதத்தில் போட்டுக் காட்டியிருந்தால், அடுத்த முறை விலையைக் குறைப்பதற்குப் பதிலாகப் பணம் தரும் நாளைக் குறைக்கச் சொல்லி பேரம் பேசுவார்.

மிசௌரியில் ஒரு பட்டறை

கணக்கைத் தொழிலாளர்களிடம் திறந்து காட்டிய கம்பெனிகளில் உலகமே திரும்பத் திரும்பப் பேசும் பெயர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், பழைய என்ஜின்களைப் புதுப்பித்து விற்கும் ஸ்பிரிங்ஃபீல்ட் ரீமேனுஃபேக்சரிங். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற பெரிய கம்பெனியின் ஒரு பிரிவாக இருந்தது. தாய் கம்பெனி தள்ளாட, 1983-ல் ஜாக் ஸ்டாக் உள்ளிட்ட 13 மேலாளர்கள் அதை வாங்கினார்கள். அவர்கள் போட்ட சொந்தப் பணம் 1 லட்சம் டாலர். கடன் 89 லட்சம் டாலர். ஒரு பங்கு முதலுக்கு 89 பங்கு கடன்! நம் ஊர் வங்கி மேனேஜர் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

அந்த நிலையில் ஒரு தவறு போதும், கதை முடிந்துவிடும். அதனால் மொத்தக் கணக்கையும் எல்லாத் தொழிலாளர்களிடமும் காட்ட முடிவு செய்தார்கள். வருமானக் கணக்கும் பணப் புழக்கக் கணக்கும் எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கூடிப் பேசும் கூட்டத்தில், ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பானவர் தன் எண்ணைத் தானே வாசிப்பார். இலக்கை எட்டினால் போனஸ். கூடவே ஊழியர்களுக்கும் நிறுவனத்தில் பங்கு.

இதற்கு உண்மையான சோதனை 1986 இறுதியில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு பெரிய என்ஜின் ஆர்டரை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு வேலையில் ஏறக்குறைய 40 சதவீதம் அதில் இருந்தது. ஆள் குறைப்பது எளிய வழி. அதற்குப் பதிலாக நிலைமையைத் தொழிலாளர்களிடமே வைத்தார்கள். எல்லோரையும் வைத்துக்கொள்ள எவ்வளவு புதிய வேலை பிடிக்க வேண்டும் என்று எண்ணாகச் சொன்னார்கள். புதிய பொருட்களைத் தேடிப் பிடித்து, ஆள் குறைக்காமல் அந்த ஆண்டைக் கடந்தார்கள். ஸ்டாக் பிறகு இந்த அனுபவத்தை 1992-ல் புத்தகமாக எழுதினார். 'திறந்த கணக்கு நிர்வாகம்' என்று இன்று பேசப்படும் முறை பரவியதற்கு அந்தப் பட்டறை முக்கியக் காரணம்.

திருப்பூருக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்துக்கு ஏறியது. வாங்குபவர்கள் தள்ளுபடி கேட்டார்கள், சில ஆர்டர்கள் நின்றன. அப்படி ஒரு வாரத்தில் எந்த ஆர்டரை நட்டத்துக்காவது செய்ய வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், எந்த லைனை நிறுத்தலாம் என்ற கேள்விகள் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரே ஒரு தலைக்குள் சுழன்றால் எவ்வளவு தாங்கும்? தையல் லைனில் எந்த ஸ்டைல் நேரத்தைத் தின்கிறது என்பது லைன் சூப்பர்வைசருக்குத் தெரியும். விலை தெரியாது. விலை தெரிந்தவருக்கு லைன் தெரியாது.

முதலாளிகள் ஏன் காட்டுவதில்லை?

மேலே சொன்ன 'புரியாது' என்பது சொல்லப்படும் காரணம். சொல்லப்படாத காரணங்கள் மூன்று.

ஒன்று, கம்பெனி பாக்கெட்டும் வீட்டு பாக்கெட்டும் ஒன்றாகவே இருப்பது. மகள் கல்யாணம், ஊரில் வாங்கிய இடம், புதுக் கார் எல்லாம் நடப்புக் கணக்கிலிருந்தே போயிருக்கும். அந்தக் கணக்கை யார் முன்னால் விரிப்பது? இரண்டாவது, சில இடங்களில் இரண்டு கணக்கு. பில்லில்லாமல் நடக்கும் விற்பனை இருக்கும்வரை கணக்கைத் திறக்கும் பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவது, பயம். லாபம் தெரிந்தால் சம்பளம் கேட்பார்கள், விலை தெரிந்தால் பக்கத்து ஷெட்டில் போய்ச் சொல்வார்கள், சூப்பர்வைசர் தனியாகத் தொழில் தொடங்கிவிடுவார்.

மூன்றாவது பயம் பொய்யில்லை. கோவையில் பாதி பட்டறைகள் இன்னொரு பட்டறை சூப்பர்வைசர் தொடங்கியதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் அப்படிப் போனவர் கணக்கைப் பார்த்துவிட்டுப் போனதில்லை. கணக்கைப் பார்க்காமல், "இருபது லட்சம் பில் போடறாரு, நாமளும் போட்டா என்ன" என்று போனவர்தான் அதிகம். அறுபதாயிரம்தான் மிஞ்சுகிறது என்று தெரிந்திருந்தால் இருமுறை யோசித்திருப்பார்.

முதல் காரணத்துக்கு மருந்து கசப்பானது: முதலாளி தனக்கே ஒரு சம்பளம் நிர்ணயித்து, அதற்கு மேல் எடுப்பதை எழுதி எடுப்பது. அதற்குப் பிறகுதான் மற்ற எண்களுக்கு அர்த்தம் வரும்.

எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும் என்பதும் இல்லை. தனிநபர் சம்பளம், கஸ்டமர் வாரியான விலை ஆகியவற்றை மூடி வைத்தே தொடங்கலாம்.

எண்ணைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால்

தலைமைப் பயிற்சி என்ற பெயரில் ஹோட்டலில் ஒரு நாள் வகுப்பு, கைதட்டல், குரூப் போட்டோ எல்லாம் நடக்கும். திங்கட்கிழமை அதே சூப்பர்வைசர் ஐநூறு ரூபாய் இன்சர்ட் வாங்க முதலாளி கையெழுத்துக்கு நிற்பார். சிறு நிறுவனத்தில் தலைமை என்பது நடைமுறையில் இதுதான்: எந்த முடிவை, எவ்வளவு தொகை வரை, யாரைக் கேட்காமல் எடுக்கலாம்?

அக்கவுண்ட்ஸில் இருக்கும் 25 வயது பி.காம் பட்டதாரிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். எந்த கஸ்டமர் 75 நாள் தாண்டினார் என்பது கம்பெனியிலேயே முதலில் தெரிவது அவருக்குத்தான். ஆனால் அவர் போன் செய்தால், "உங்க சாரைப் பேசச் சொல்லும்மா" என்று வைத்துவிடுவார்கள். சாரோ அந்த கஸ்டமரோடு பதினைந்து வருஷப் பழக்கம், கேட்கக் கூச்சப்படுவார். 60 நாள் தாண்டிய பார்ட்டிக்கு அடுத்த லோடு போகாது என்று ஒரு விதி போட்டு, அதை நிறுத்தும் அதிகாரத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தால் நிலைமை மாறும். முதலாளி அந்த விதியை மீறலாம். ஆனால் ஏன் மீறுகிறார் என்பதை அந்த வாரக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். கூச்சப்படும் முதலாளிக்கு இது ஒரு வசதியும்கூட: "எங்க அக்கவுண்ட்ஸ்ல நிறுத்திட்டாங்க சார், நான் என்ன பண்ண" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதே போல சேல்ஸ் ஆளுக்கு 2 சதவீதம் வரை தள்ளுபடி தரும் உரிமை, அதற்கு மேல் என்றால் கேட்க வேண்டும். குவாலிட்டி ஆளுக்கு ரிஜெக்ஷன் மெயிலுக்கு 24 மணி நேரத்தில் பதில் போடும் பொறுப்பும், அதற்காக ஒரு மெஷினை அரை மணி நேரம் நிறுத்திப் பார்க்கும் உரிமையும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். எண்ணை மட்டும் சொல்லி உரிமை தராமல் விட்டால், கம்பெனியின் கவலையை இருபதாயிரம் சம்பளக்காரர் தலையில் ஏற்றியதாகிவிடும். இரவில் தூங்காதவர்கள் எண்ணிக்கை ஒன்றிலிருந்து பத்தொன்பது ஆகும், அவ்வளவுதான்.

கூட்டம் நீளமாக இருக்கக் கூடாது. சனிக்கிழமை ஷிஃப்ட் மாறும்போது, நின்றபடியே 20 நிமிடம். இந்த வாரம் பில் போட்டது எவ்வளவு, வந்த பணம் எவ்வளவு, 45 நாள் தாண்டி வெளியே நிற்பது எவ்வளவு, ரிஜெக்ஷன் எத்தனை, அடுத்த இரண்டு வாரத்தில் கட்ட வேண்டியது எவ்வளவு. ஐந்தே எண். வெள்ளைப் பலகையில் எழுதுவது முதலாளியாக இருக்கக் கூடாது என்பது மட்டும் முக்கியம். அவர் எழுதினால் அது திட்டு வாங்கும் கூட்டமாகிவிடும். வந்த பணத்தை அக்கவுண்ட்ஸ் பெண் எழுத வேண்டும், ரிஜெக்ஷனை ஆபரேட்டர்களில் ஒருவர் எழுத வேண்டும், வாரம் ஒருவராக. முதல் சில வாரங்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்ததற்குத்தான் சம்பளம் கொடுக்கப்பட்டது.

ஐந்தும் முடியாது, ஒன்றில் தொடங்கலாம் என்றால், அது மூன்றாவது எண்ணாக இருக்கட்டும். கெடு தாண்டி வெளியே நிற்கும் பணம். அதில் யாருடைய சம்பள ரகசியமும் இல்லை, லாப ரகசியமும் இல்லை. ஆனால் சலான் கையெழுத்து, ரிஜெக்ஷன் பதில், பில் தேதி, ஃபாலோ-அப் போன் என்று எல்லோர் கையும் அதில் படுகிறது.

நீங்கள் அங்கே வேலை பார்ப்பவர் என்றால்

படித்து முடித்து சிறு நிறுவனத்தில் சேர்ந்த பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஏதாவது கேட்டால், "அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாரு கண்ணு, நீ டிஸ்பேட்ச்சைப் பாரு" என்று பதில் வரும். "கம்பெனி லாபம் எவ்வளவு சார்?" என்று நேராகக் கேட்டால் சந்தேகப் பார்வைதான் மிஞ்சும். தன் மேசைக்கு வரும் காகிதத்திலிருந்து தொடங்குவது எளிது. டிஸ்பேட்ச் பார்ப்பவர், கையெழுத்தாகித் திரும்பாத சலான்களின் பட்டியலைப் போட்டு, பக்கத்தில் பில் தொகையை எழுதிக் கொடுக்கலாம். பர்ச்சேஸில் இருப்பவர், தன் கம்பெனியே மற்ற சிறு நிறுவனங்களுக்கு 45 நாள் தாண்டி வைத்திருக்கும் பாக்கியை மார்ச்சுக்கு முன்பு எடுத்துக் காட்டலாம். கம்பெனியே இன்னொருவருக்குக் கடன்காரர் என்பதும், அதே வரி அடி அவருக்கும் விழும் என்பதும் முதலாளிகள் அடிக்கடி மறக்கும் விஷயம். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு அடுத்த கேள்வியை அவரே கேட்பார்.

சம்பளம் கேட்பார்கள் என்ற பயத்துக்குத் திரும்புவோம். ஏனென்றால் அது நடக்கும். ரிஜெக்ஷன் குறைந்து, பணம் சீக்கிரம் வந்து, ஓடி வட்டி மிச்சமானால் அதில் தனக்கு என்ன என்று ஆபரேட்டர் கேட்பார், கேட்கவும் வேண்டும். மேலே பார்த்த உதாரணத்தில் 75 நாள் 45 ஆனால் மிச்சமாவது ஆண்டுக்கு ரூ.2.6 லட்சம். அதில் பாதியை 18 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ரூ.7,200 சொச்சம்.

போனஸ் சட்டம் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் கட்டாயம், குறைந்தது 8.33 சதவீதம். 18 பேர் உள்ள யூனிட்டுக்கு அது பொருந்தாது. ஆனாலும் தீபாவளிக்கு முன் பேச்சு வார்த்தை நடக்காத சிறு யூனிட் கொங்கு மண்டலத்தில் அபூர்வம். ஒரு பக்கம் "இந்த வருஷம் ஒண்ணும் நிக்கலப்பா" என்பார்கள், மறுபக்கம் "ராத்திரி பகலா மெஷின் ஓடுச்சுங்களே" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். மெஷின் ஓடியது, காசு நிற்கவில்லை. அது ஏன் என்பதை ஏப்ரலிலிருந்து வாராவாரம் பலகையில் பார்த்த 18 பேரோடு நடக்கும் பேச்சும், ஐப்பசியில் முதல் முறையாக அதைக் கேட்கும் 18 பேரோடு நடக்கும் பேச்சும் ஒரே மாதிரி இருக்காது. முதல் கூட்டத்தில் கேட்கப்படும் கேள்விகள் முதலாளிக்குச் சுலபமாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.